இரண்டு வாக்கி டாக்கியும் ஏழாவது ஆளும்

வெலிமிருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். "இதை வாங்கு" என்று யாராவது கையைக் காட்டியிருந்தால் போதும், பணத்தைக் கொடுத்துவிட்டு, மதியச் சூப்பு ஆறுவதற்குள் வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் எங்கள் யாசென் ஊரில் ஒருவனுக்குக் கேள்வி வந்துவிட்டால், அந்தக் கேள்விக்கென்றே ஒரு சங்கம் இருக்கும். சங்கம் இருக்கிற இடத்தில் பதில் கிடைக்கும் என்று நம்பிப் போனான் பாருங்கள், அங்கேதான் அவனுக்குச் சனி பிடித்தது.

வெலிமிர் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். அவன் மனைவி தெசாங்கா திரைச்சீலைத் தொழிற்சாலையில் தையல்காரி. பிள்ளைகள் பிழைப்புக்கு ஜெர்மனி போய்விட்டார்கள். மிஞ்சிய இரண்டு பேருக்கும் இருந்த ஒரே பைத்தியம் காளான். மழை விட்ட மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கோலியா மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். தின்பதைவிடத் தேடுவதில்தான் அவர்களுக்கு ருசி.

போன வருஷம் ஜூலையில் அப்படிப் போன இடத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. தெசாங்கா ஒரு பள்ளத்தில் கால் பிசகி விழுந்தாள். "வெல்யா! வெல்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறான். ஆனால் மலையும் பனியும் சேர்ந்து அந்தக் குரலை விழுங்கிவிட்டன. அவன் நேர் எதிர்த்திசையில் தேடிக்கொண்டு போனான். பொழுது சாய்கிற நேரத்தில் மரம் வெட்டுகிறவர்கள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பல நாள் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. எழும்பிய பிறகும் அவள் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அதன் பிறகு அவள் காட்டுக்கு வரவே இல்லை. இவனும் தனியாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து டி.வி. பார்த்தார்கள்.

இந்த வருஷம் நல்ல மழை. சந்தையில் காளான்காரிகள் கூடை கூடையாகப் பரப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த தெசாங்கா, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"உன் குரல் என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும்னா, நான் வர்றேன் வெல்யா. இல்லைன்னா வேண்டாம்."

வெலிமிர் அன்று தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். செல்போன் அந்த மலையில் எடுபடாது. வாக்கி டாக்கிதான் வழி. ஆளுக்கொன்று, விலை மலிவாக. சனிக்கிழமை காலையில் மலைக்குப் போவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை ரொட்டியெல்லாம் போட்டு முடித்த கையோடு மின்சாமான் கடைக்குப் போனான்.

கடைக்காரன் மிலுட்டின் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். "இது சின்னது. லைசென்ஸ் வேண்டாம். இது பெருசு. தூரம் போகும், ஆனா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். வித்தியாசம் இவ்வளவுதான்."

"காட்டுக்கு எது?"

"நான் இஸ்திரிப்பெட்டி விக்கிறவன், அண்ணே. காட்டுக்கு எதுன்னு என்னைக் கேட்டா? கலாமன்றத்துக்குக் கீழ வானலைச் சங்கம் இருக்கு. அவங்க வேலையே அதுதான். போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க, எடுத்து வைக்கிறேன்."

ஒரு வார்த்தை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்ளவும் ஒரு வார்த்தைதான் ஆகிறது.

யாசென் வானலை ஆர்வலர் சங்கம் கலாமன்றத்தின் அடியில், பழைய யுத்தகாலப் பதுங்கறையில் இருந்தது. முழங்கை அகலச் சுவர், இரும்புக் கதவு, தெருமட்டத்தில் கம்பி போட்ட ஒரு குட்டி ஜன்னல். சுவருக்குள்ளிருந்து எந்த அலையும் வெளியே போகாது. வெளியிலிருந்து எதுவும் உள்ளேயும் வராது. சங்கம் அங்கே மிக நிம்மதியாக இயங்கிவந்தது.

வெலிமிர் கதவைத் தள்ளியபோது உள்ளே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜையில் சடை பின்னிய வட்ட ரொட்டி, சிவப்பு ஒயின், சர்க்கரை தூவிய அவித்த கோதுமை. கோட்டும் டையுமாக ஆறு பேர். தூதர் கபிரியேல் திருநாள் அன்று. கடவுளின் செய்தியைக் கொண்டு வந்தவர் என்பதால் அவரையே சங்கத்தின் காவலராக வைத்திருந்தார்கள். அது வெலிமிருக்கு எப்படித் தெரியும்? மெழுகுவத்தி எரிகிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு "வாக்கி டாக்கி என்ன விலை" என்று கேட்பதற்கு அவன் ஒன்றும் நாகரிகம் தெரியாதவன் இல்லை. தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க, வாங்க!" என்று கையை விரித்தார் சங்கத் தலைவர் ஸ்வெத்தோசார். சர்க்கரை ஆலையில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்பில் சங்க வில்லை, அதற்குக் கீழே அதைவிடப் பெரியதாக இன்னொரு வில்லை. "திருநாளுக்குக் கூப்பிடறது வழக்கமில்ல. வர்றவங்க தானா வருவாங்க. பதினோரு வருஷமா யாரும் வரல. உக்காருங்க!"

"இல்ல ஐயா, நான் ஒரு சின்ன விஷயம்..."

"முதல்ல கோதுமை."

கோதுமைக் கிண்ணத்தை நீட்டினார். வெலிமிர் சிலுவை இட்டுக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டான். மூன்று பேர் முகம் மலர்ந்தது. மூன்று பேர் முகம் கடுகடுத்தது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் கோதுமை அவிப்பது செத்தவர்களின் நினைவுக்கு. தூதர் கபிரியேலோ சாகவே இல்லை. சாகாதவருக்குக் கோதுமை படைப்பது மரியாதையா, அவமரியாதையா என்பதில் சங்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. தலைவர் கோதுமைக் கட்சி. என்ஜினியர் ல்யுபிஷா எதிர்க்கட்சி. கட்சிக்கு மூன்று பேர். வருஷா வருஷம் கோதுமை அவிப்பார்கள், யாரும் தொடமாட்டார்கள், அப்படியே கோழிக்குப் போய்விடும். இப்போது வெலிமிர் தொட்டுவிட்டான்.

"நாலு!" என்றார் தலைவர், கண்கலங்க.

"யாருய்யா இந்த ஆளு?" என்றார் ல்யுபிஷா.

அடுத்தது ரொட்டி. தலைவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை நீட்டினார். ஒருவர் ரொட்டியை நீட்டினால் கைநீட்டிப் பிடிப்பதுதானே மனிதப் பண்பு? அதிலும் வெலிமிர் ரொட்டி வேன்காரன், கை தானாகவே போய்விட்டது. இரண்டு பேருமாக அதைச் சுழற்றினார்கள், பிய்த்தார்கள், தலைவர் அவனைக் கட்டிப்பிடித்து மூன்று முறை முத்தமிட்டார். பிறகுதான் செயலாளர் ஜிவாடின் விளக்கினார், மிக அன்பாக.

"ரொட்டியைத் தலைவரோட சேர்ந்து பிய்க்கிறவர்தான் அடுத்த வருஷத் திருநாளை எடுத்து நடத்தற வீட்டுக்காரர். வீட்டுக்காரர்னா உறுப்பினரா இருக்கணும். அதனால நீங்க இப்ப உறுப்பினர். வாழ்த்துக்கள்."

"ஐயா, எனக்கு ரெண்டு வாக்கி டாக்கி..."

"உறுப்பினர் ஏழு பேர் ஆயிட்டோம்" என்றார் ஜிவாடின், தன்பாட்டுக்கு. "ஏழு பேர் இருந்தா பேரவை கூட்டலாம். ஒன்பது வருஷமா ஆறு பேரோட நின்னு போச்சு."

சொல்லிக்கொண்டே போய் இரும்புக் கதவைப் பூட்டினார். சாவி கழுத்துக் கயிற்றில், சட்டைக்குள்ளே போய்விட்டது.

"எதுக்குப் பூட்டறீங்க?"

"விதி. போன பேரவை நடுவுல நம்ம சங்கத்து ட்ராகோமிர் சிகரெட் வாங்கிட்டு வர்றேன்னு போனாரு. ஆள்கணக்கு குறைஞ்சு பேரவை கலைஞ்சு போச்சு."

"அவரு எப்ப வந்தாரு?"

"வியன்னாவுல இருக்காரு. புத்தாண்டுக்கு அட்டை போடுவாரு."

தலைவர் மேஜையைத் தட்டினார். "பேரவை கூடிற்று. பொருள் ஒன்று: ஆர்வலர்களுக்கு உகந்த, மலிவு விலையிலான, கையடக்க இருவழி வானொலிக் கருவியைத் தெரிவு செய்தல்."

வெலிமிருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. பூட்டினால் பூட்டட்டும். தான் கேட்க வந்த கேள்வியையே இவர்கள் முதலில் எடுத்துக்கொண்டால், கால் மணி நேரத்தில் பதில் வந்துவிடாதா? நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பொருளுக்காகப் போட்ட குழு ஒன்பது வருஷமாக ஆய்வில் இருக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வயதானவர். விதிப்படி உறுப்பினர் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விழித்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

தலைவர் எழுந்து பேசினார்.

"தோழர்களே! சிலர் நம்மளைக் கேக்கறாங்க, ஒரு கருவியைச் சிபாரிசு பண்ண ஒன்பது வருஷமான்னு. நான் திருப்பிக் கேக்கறேன். இன்னிக்கே நாம ஒண்ணைச் சிபாரிசு பண்ணிட்டோம்னு வையுங்க. என்ன ஆகும்? ஜனங்க வாங்குவாங்க. வாங்கினா சும்மா இருப்பாங்களா? பேசுவாங்க! 'அம்மா, தக்காளி வாங்கவா', 'டேய், எங்கடா இருக்க' — இதுக்கா நம்ம முன்னோர் வானலையைக் கண்டுபிடிச்சாங்க? ஒன்பது வருஷமா யாசென் வானலையில ஒரு சின்ன இரைச்சல் உண்டா? பக்கத்து ஊர்க்காரன் வந்து கேட்டுட்டு அசந்து போயிட்டான். அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம் யாரோட சாதனை?"

கைதட்டினார்கள். எதிர்க்கட்சிகூடத் தட்டியது. இந்த ஒரு விஷயத்தில் சங்கத்தில் பிளவு இல்லை.

"தலைவரே" என்று கையைத் தூக்கினான் வெலிமிர். "நானும் என் மனைவியும் காட்டுல காளான் தேடும்போது பேசிக்கணும். அவ்வளவுதான். சின்னதா, பெருசா? எது வாங்கட்டும்?"

"நல்ல கேள்வி!" என்றார் தலைவர். "பவர்தான் முக்கியம். ஆனா..."

"பவரா?" ல்யுபிஷா துள்ளி எழுந்தார். "பவர்னு சொல்றவன் பாமரன்! ஆன்டெனாதான் எல்லாம். தம்பி, நீங்க கூரை மேல ஏறி நின்னு பேசினா எந்தக் கருவியும் போதும்."

"காட்டுல கூரைக்கு எங்க போறது, ஐயா?"

"அது உங்க காட்டோட குறை. கருவியைக் குத்தம் சொல்லாதீங்க."

இருவரும் கத்திக்கொண்டார்கள். ஜிவாடின் கண்ணாடி அலமாரியைத் திறந்து சமாதானம் செய்தார். உள்ளே வரிசையாக வாக்கி டாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே குரோஷா போட்ட வெள்ளை விரிப்பு, ஒரு தூசு கிடையாது. வெலிமிர் ஒன்றை எடுத்துப் பார்த்தான். பின்பக்கம் ஓட்டையாக இருந்தது.

"பேட்டரி?"

"பேட்டரி கழட்டி வச்சிருக்கோம். உள்ள இருந்தா கருவி கெட்டுடும். யாராவது பேசிடவும் கூடும்."

"அப்ப எப்படிச் சோதிக்கறீங்க?"

"குழு சோதிக்கிற முறை இதுதான்" என்று தலைவர் ஒரு கருவியைத் தன் காதில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை வெலிமிர் கையில் கொடுத்தார். "பேசுங்க."

வெலிமிர் மேஜைக்கு இந்தப் பக்கம். தலைவர் அந்தப் பக்கம். நடுவில் கோதுமைக் கிண்ணம்.

"கேக்குதா?" என்றான் வெலிமிர், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"அருமையாக் கேக்குது! எழுதிக்கோங்க ஜிவாடின்: ஒலித்தெளிவு, மிக நன்று."

"நான் ஆட்சேபிக்கறேன்" என்றார் ல்யுபிஷா. "அவரு கருவியைத் தலைகீழாப் பிடிச்சிருக்காரு."

அலமாரியில் இருந்த அத்தனை கருவியையும் இந்த மாதிரியே சோதித்தார்கள். எல்லாவற்றிலும் வெலிமிரின் குரல் மிக நன்றாகவே கேட்டது. எடை, கைக்கு இதம், தோற்றத்தில் கண்ணியம் என்று மதிப்பெண் போட்டார்கள். கண்ணியத்தில் எல்லாம் சமமாக வந்துவிட்டதால் முடிவு எட்டவில்லை. அடுத்து, புது உறுப்பினருக்குத் தகுதிப் பரீட்சை வைக்க வேண்டும் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

"ஒரே கேள்விதான்" என்றார் தலைவர். "பேசறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?"

"பொத்தானை அமுக்கணும்."

எல்லாரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "பேசத்தான் வேணுமான்னு யோசிக்கணும், தம்பி" என்றார் தலைவர் மெதுவாக. "இவ்வளவு அடிப்படை தெரியாம கருவி வாங்கக் கிளம்பிட்டீங்களே."

வெலிமிருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்துவிட்டான்.

"ஐயா, உங்க காலைப் பிடிக்கறேன். எனக்குப் பதிலே வேண்டாம். என்னை விடுங்க. வீட்டுல அவ காத்துக்கிட்டு இருப்பா."

"தாராளமாப் போகலாம்" என்றார் ஜிவாடின். "ராஜினாமா கொடுங்க. பேரவை ஏத்துக்கிட்டா போயிடலாம்."

"கொடுத்தேன்!"

"ஆனா ஏத்துக்கிட்ட நிமிஷமே நாம ஆறு பேரு. ஆறு பேர் இருந்தா அது பேரவை இல்ல. பேரவை இல்லாதது உங்க ராஜினாமாவை எப்படி ஏத்துக்கும்? ஏத்துக்கலைன்னா நீங்க இன்னும் உறுப்பினர். உக்காருங்க."

"அப்ப கூட்டத்தை முடிங்க!"

"முடிக்கலாம். பொருள் ஒண்ணு தீர்ந்ததும்."

கல்லில் நார் உரிக்கலாம், ஜிவாடினிடம் சாவி உரிக்க முடியாது. வெலிமிர் போனை எடுத்தான். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி, கம்பி ஜன்னலில் முகத்தை வைத்தான். தெருவில் போகிறவர்களின் செருப்பும் கணுக்காலும்தான் தெரிந்தன.

"யாராவது இருக்கீங்களா? ஐயா! என்னைப் பூட்டி வச்சிருக்காங்க! ராடிச் தெரு தெசாங்காகிட்ட சொல்லுங்க!"

ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் நின்றது. "திருநாள் வாழ்த்துக்கள், அண்ணே! கொஞ்சமா ஊத்துங்க, இன்னும் பொழுது சாயல" என்று மேலேயிருந்து ஒரு குரல் சிரித்துக்கொண்டே போய்விட்டது. அடுத்து ஒரு பெண்ணின் செருப்பு. அவளும் வாழ்த்திவிட்டுப் போனாள். திருநாள் நடக்கிற இடத்திலிருந்து ஒருவன் கத்தினால், குடித்திருக்கிறான் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

அவன் கத்திக்கொண்டே இருந்தான். மெல்ல மெல்லக் குரல் கம்மியது. "தெசா!" என்று கூப்பிட்டான். "தெசா!" இப்படித்தானே அவளும் கத்தியிருப்பாள்? கத்தி, காத்திருந்து, யாரும் வராமல், மறுபடி கத்தி. ஒரு வருஷமாக இது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இப்போதுதான் உறைத்தது. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். பின்னால் பேரவை, கருவியின் நிறம் கறுப்பா சாம்பலா என்பதில் வாக்கெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

தெருவில் ஒரு நடை கேட்டது. இடது காலைச் சற்றுப் பார்த்துப் பார்த்து வைக்கிற நடை. ஆயிரம் பேர் நடந்தாலும் அவனுக்குத் தெரியும்.

"தெசா! இங்க! கீழ!"

நடை நின்றது. தெசாங்கா குனிந்தாள், பிறகு மண்டியிட்டே உட்கார்ந்துவிட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முகம்.

"வெல்யா! அடக் கடவுளே, சூப்பு வச்சு சூடு பண்ணி, ஆறி, மறுபடி சூடு பண்ணியாச்சு. மிலுட்டின் கடையில கேட்டேன், சங்கத்துக்குப் போனாருன்னான். இங்க என்ன பண்ற? ஏன் அழுவுற?"

"பூட்டிட்டாங்க தெசா. நான் ரொட்டியைப் பிடிச்சுட்டேன்."

"எந்த ரொட்டியை?"

அவன் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரமாக் கத்தினியா?"

"ஆமா. யாருக்கும் கேக்கல."

தெசாங்கா பையிலிருந்து மஞ்சளாக ஒரு சின்னக் கருவியை எடுத்துக் கம்பிக்குள் நுழைத்தாள். "இந்தா. சின்னதே போதுமாம். மிலுட்டின் பொண்டாட்டி ஆடு மேய்க்கப் போறப்ப இதைத்தான் வச்சுக்கிறாளாம். கடைசி ஜோடி, வாங்கிட்டேன். வச்சுக்க, நான் போய் யாரையாவது கூட்டிட்டு வர்றேன். பேசிக்கிட்டே போறேன், பயப்படாத."

பதில் வந்துவிட்டது. சங்கத்துக்கு ஒன்பது வருஷம், ஆடு மேய்க்கிறவளுக்கு ஒரு வாக்கியம். வெலிமிர் நாற்காலியில் நின்றபடியே பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது, கம்பி ஜன்னல் வழியாக அலை நுழைந்து, கருவி பேசிற்று.

"வெல்யா, கேக்குதா? நான் கசாப்புக் கடை முக்குல இருக்கேன்."

பேரவை உறைந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, "யாரு? யாரு பேசறது?" என்றார். ஆறு பேரும் நாற்காலியைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு கருவிக்குள்ளிருந்து மனிதக் குரல் வருவதை அவர்கள் கேட்டுப் பல காலமாகிவிட்டது. ஜிவாடின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"தம்பி" என்றார் தலைவர், குரல் தழுதழுக்க, "அவங்களை இன்னொரு தடவை பேசச் சொல்லுங்க."

"விளையாட்டுச் சாமான்" என்றார் ல்யுபிஷா. ஆனால் அவரும் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

தலைவருக்குச் சட்டென்று கணக்கு ஓடியது. உறுப்பினர் எட்டுப் பேரானால் மாநில மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். வெந்நீர் ஊற்று ஓட்டலில் தங்கல், சாப்பாடு, எல்லாம் இலவசம். அவர் கருவியை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டார்.

"அம்மா! தலைவர் ஸ்வெத்தோசார் பேசறேன். உங்களை இந்தச் சங்கத்தோட எட்டாவது உறுப்பினரா ஏத்துக்கறோம். நீங்க நேர்ல வரவே வேண்டாம். வானலைச் சங்கத்துல குரல் வந்தா ஆள் வந்த மாதிரி! வந்திருக்கிறதாவே பதிவு பண்றோம். ஜிவாடின், முத்திரை குத்துங்க!"

ஜிவாடின் குத்தினார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"குரல் வந்தா ஆள் வந்த மாதிரின்னா சொன்னீங்க?" என்றது கருவி.

"ஆமாம்மா."

"அப்ப என் குரலை அங்கயே வச்சுக்குங்க. என் புருஷனை வெளிய விடுங்க. கணக்கு சரியாப் போச்சா, இல்லையா?"

ல்யுபிஷா விரலை மடக்கி எண்ணினார். நாங்க ஆறு, குரல் ஒண்ணு, ஏழு. கோதுமை தின்ற அந்த ஆள் போய்விட்டால் கட்சிக்கு மறுபடியும் மூன்று மூன்று.

"ஏழு இருக்கு!" என்று முழங்கினார் ல்யுபிஷா. "தலைவர் சொன்னதுதான், முத்திரையும் குத்தியாச்சு. அவரு தாராளமாப் போகலாம். கதவைத் திறங்க!"

சங்கத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக எதிர்க்கட்சித் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. ஜிவாடின் சட்டைக்குள் கையைவிட்டுச் சாவியை எடுத்தார். மஞ்சள் கருவியை ஜன்னலோர நாற்காலியில், குரோஷா விரிப்பின் மேல் உட்கார வைத்தார்கள். அதற்கு முன்னால் தட்டும் கரண்டியும் வைத்தார்கள். கோதுமை வைப்பதா வேண்டாமா என்பது இரண்டாம் பொருளாகச் சேர்க்கப்பட்டது.

வெலிமிர் படியேறி ஓடினான். கசாப்புக் கடை முக்கில் தெசாங்கா நின்றிருந்தாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டபோது அவள் கையிலிருந்த கருவி கேட்டது: "உறுப்பினர் தெசாங்கா?"

"இருக்கேன்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் அவள் மிளகாய் வதக்கும்போது கேட்டது, இருக்கேன் என்றாள். துணி மடிக்கும்போது கேட்டது, இருக்கேன் என்றாள். வீடு சங்கத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான். சின்னக் கருவிக்கு அது ஒரு தூரமே இல்லை. சனிக்கிழமை காலையில் காப்பி கொதிக்கும்போதும் அது கேட்டுக்கொண்டிருந்தது. பேரவை இன்னும் முதல் பொருளில் இருந்தது.

வெலிமிர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஜோடியில ஒண்ணு போச்சு. மிலுட்டின்கிட்ட அடுத்த சரக்கு எப்ப வரும்னு தெரியாது. காளான் அதுவரைக்கும் காத்திருக்குமா? எல்லாம் என்னாலதான். ஒரு கேள்வி கேக்கப் போய்..."

"கூடையை எடு" என்றாள் தெசாங்கா.

"எதுக்கு?"

"நேத்து அந்தக் கம்பிக்குப் பின்னாடி உன் மூஞ்சியைப் பார்த்தேன், வெல்யா. ஒரு வருஷமா உனக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னு தெரியாம இருந்தேன். இனிமே சொல்ல வேண்டியதில்ல. கிளம்பு."

வேன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கருவி, "உறுப்பினர் தெசா..." என்றது. அவள் பொத்தானை அமுக்கி, "தலைவரே, கதவைத் திறந்துட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றாள். அது போய்ச் சேர்ந்ததோ என்னவோ. மலைத் திருப்பத்தில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அவள் அதை அணைத்து முன்பெட்டிக்குள் போட்டாள்.

பீச் மரக் காட்டுக்குள் ஈரம் குளிர்ந்து கிடந்தது. மேலே ஒரு திரைபோலப் பனி தங்கியிருந்தது. தெசாங்கா ஒரு கணம் நின்றாள்.

"பேசிக்கிட்டே நட" என்றாள் அவள். "நிறுத்தாத."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது."

வெலிமிர் பேசினான். எந்தக் கடைக்கு எத்தனை ரொட்டி போட்டான் என்று ஆரம்பித்தான். வேனின் மூன்றாவது கியர் மாட்டிக்கொள்வதைச் சொன்னான். பிள்ளைகள் போனில் பேசாத கோபத்தைச் சொன்னான். அதுவும் தீர்ந்ததும், போன வருஷம் தான் எந்தத் திசையில் ஓடினான், எங்கெல்லாம் நின்று கூப்பிட்டான் என்று, இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் மரங்களுக்குச் சொல்லிக்கொண்டே போனான். குரல் கரகரத்துவிட்டது. ஒரு மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணில் படவில்லை.

"தெசா! கேக்குதா?"

"கேக்குது, கேக்குது, காது வலிக்குது!" புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மிகக் கிட்டத்தில். "அப்படியே நில்லு, உன் காலடியில ஒண்ணு இருக்கு. மிதிச்சுடாத."